கால்கட்டு போட்டால் தெளியுமா?

கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு வீட்டுப் பிள்ளைக்குச் சித்தம் கலங்கினால் பேச்சு குறி சொல்லும் கோடாங்கியில் தொடங்கிக் கல்யாணத்தில் வந்து நிற்கும். "வயசுக் கோளாறு, ஒரு கால்கட்டு போட்டா சரியாப் போகும்." அதே வாய் சம்பந்தம் பேசும்போது, "அந்த வகையறாவுலயே கிறுக்கு இருக்கு, வேண்டாம்" என்று தள்ளிவிடும். நம் பிள்ளைக்கு ஹார்மோன், அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு மரபணு! மரபணுவுக்குப் பங்கு உண்டுதான். மனச்சிதைவு நோய் வாழ்நாளில் நூற்றில் ஒருவருக்கு வரலாம் என்பது பொதுக்கணக்கு. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் அது ஏறத்தாழ பத்தில் ஒன்றாகிறது. மிச்சம் ஒன்பது பிள்ளைகளுக்கு வருவதில்லை. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையரில்கூட, ஒருவருக்கு வந்த நோய் மற்றவருக்கும் வருவது பாதிப் பேருக்கு மேல் இல்லை. 2022இல் வெளியான பெரிய ஆய்வொன்று இந்நோயோடு தொடர்புள்ள 287 மரபணு இடங்களைச் சுட்டியது. ஒவ்வொன்றின் பங்கும் மிகச் சிறிது. ஒரு வகையறாவையே ஒதுக்க இதில் எதுவும் போதாது.

ஹார்மோன் கதை இன்னும் சிக்கலானது. பெண்களுக்கு மனச்சிதைவு ஆண்களைவிடச் சில ஆண்டுகள் பிந்தித் தொடங்குவதையும், மாதவிடாய் நிற்கும் வயதில் புதிதாக வருவோர் சற்றுக் கூடுவதையும் வைத்து, ஈஸ்ட்ரோஜன் ஓரளவு காப்பு தருகிறது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இது ரத்தத்தில் ஓடும் சுரப்பின் அளவைப் பற்றிய பேச்சு. அடக்கிவைத்த ஆசையைப் பற்றியது அல்ல. தாலி அந்த அளவை மாற்றாது, பிரசவம் மாற்றும். குழந்தை பிறந்த சில நாள்களில் ஈஸ்ட்ரோஜன் சட்டென்று சரிகிறது. ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டில் தாய்க்குக் கடும் மனநோய் வருவது அந்த வாரங்களில்தான். ஊரில் அதைப் பிரசவ ஜன்னி என்பார்கள். மனம் மிகு எழுச்சிக்கும் தாழ்வுக்கும் மாறிமாறிப் போகும் இருமுனைக் கோளாறு உள்ள பெண்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு இந்த ஆபத்து. மருந்தாக நினைத்துச் செய்யும் கல்யாணம், நோய் திரும்பும் வாசலுக்கே அவளைக் கொண்டுபோகிறது.

"கல்யாணத்துக்குப் பிறகு நல்லானவங்க இல்லையா?" என்பார்கள். இருக்கிறார்கள். இருமுனைக் கோளாறு வந்து, தணிந்து, மீண்டும் வரும் நோய். தணிந்த நேரத்தில் முகூர்த்தம் அமைந்தால் பெயர் தாலிக்குப் போய்விடுகிறது. மோசமானவர்களை யாரும் எண்ணுவதில்லை. மனநல மருத்துவர் சாரதா மேனன் 1984இல் சென்னையில் தொடங்கிய ஸ்கார்ப் என்ற மனச்சிதைவு ஆய்வு நிறுவனம், மனச்சிதைவால் மணவாழ்வு முறிந்து பிறந்த வீடு திரும்பிய பெண்களைத் தனியாகவே ஆராய நேர்ந்தது. இதில் ஹார்மோனையும் மரபணுவையும் விடக் கொடியது ஒன்று உண்டு: மாமியார் வீட்டுக்குத் தெரியக்கூடாது என்று மாத்திரையை நிறுத்துவது. நோய் திரும்புவதற்கு அதைவிடப் பெரிய காரணம் குறைவு. மாத்திரையை மறைத்துத் தொடர்ந்தாலும் ஆபத்து உண்டு: இருமுனைக் கோளாறுக்குத் தரும் வால்ப்ரோயேட் போன்ற மாத்திரை கருவைப் பாதிக்கும்; கரு தரிக்கும் முன்பே மருத்துவரிடம் சொல்லி வேறு மருந்துக்கு மாற வேண்டும். நோயையே மறைத்து மணமுடித்தவள் தேனி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு யாரைத் துணைக்கு அழைத்துப் போவாள்?