ஆய்ந்து வாங்குதல்

வாங்குதலும் விற்றலும் இன்றி மக்கள் வாழ்க்கை நடைபெறுவதில்லை. உழவர் நெல்லை விற்று ஆடை வாங்குகின்றார். நெசவாளர் ஆடையை விற்று நெல் வாங்குகின்றார். ஒருவர் உழைப்பின் பயன் மற்றொருவரைச் சென்று சேர்வதற்குக் கடைத்தெருவே வழியாக உள்ளது. ஆதலின், வாணிகம் அறநெறியில் நிகழ வேண்டும் என்று நம் முன்னோர் விரும்பினர். காவிரிப்பூம்பட்டினத்து வணிகர் பிறரிடம் மிகுதியாகப் பெறுதலும், பிறர்க்குக் குறைவாக அளத்தலும் இன்றி வாழ்ந்தனர் என்று பட்டினப்பாலை அவர்களைப் பாராட்டுகின்றது.

விற்பவர்க்கு நேர்மை எத்துணை இன்றியமையாததோ, வாங்குபவர்க்கு ஆராய்ச்சியும் அத்துணை இன்றியமையாதது. முற்காலத்தில் மக்கள் தாம் வாங்கும் பொருளைக் கையால் தொட்டும், கண்ணால் நோக்கியும், நாவால் சுவைத்தும் தெளிந்தனர். இக்காலத்திலோ உணவுப் பண்டங்கள் உறைக்குள் அடைபட்டு வருகின்றன. இயந்திரங்களின் உட்பகுதி நம் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. கைப்பேசியில் படத்தை மட்டும் கண்டு பொருள் வாங்கும் வழக்கமும் பெருகிவிட்டது. இந்நிலையில் ஒரு பொருளை வாங்குமுன் மூன்று வினாக்களை எழுப்புதல் வேண்டும். இப்பொருள் எனக்குத் தேவைதானா? இதற்கு ஆகும் முழுச் செலவு எவ்வளவு? விற்பவர் கூறுவதற்குச் சான்று யாது? சிறு பொருளாயினும் பெரும் பொருளாயினும் இம்மூன்று வினாக்களே நமக்குத் துணையாவன.

முதற்கண் வீட்டிற்கு வேண்டிய பொருள்களை நோக்குவோம். ‘ஆயிரம் ரூபாய்ப் பொருள் அறுநூறு ரூபாய்க்கு’ என்ற அறிவிப்பைக் கண்டவுடன், நானூறு ரூபாய் மிச்சமாயிற்று என்று மகிழ்வார் பலர். அப்பொருள் வேண்டாததாயின் மிச்சம் என்பது ஏது? அறுநூறு ரூபாய் வீணாயிற்று என்பதே உண்மை. பெரிய உறையில் உள்ள பண்டம் எப்பொழுதும் மலிவாகவே இருக்கும் என்று எண்ணுதலும் தவறு. 200 கிராம் பண்டம் 46 ரூபாய். அதே பண்டம் 500 கிராம் 120 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சிறிய உறையில் 100 கிராமின் விலை 23 ரூபாய். பெரிய உறையிலோ 24 ரூபாய். இந்தச் சிறு கணக்கைச் செய்வதற்கு ஒரு நிமிடமும் ஆகாது.

உறையிட்ட பண்டங்களின்மீது நிகர எடை, வரிகள் உட்பட உள்ள உச்ச விலை, தயாரிப்பாளரின் பெயர், முகவரி முதலியவை அச்சிடப்பட்டிருத்தல் வேண்டும். 2009 ஆம் ஆண்டின் எடையளவுச் சட்டமும் அதன் விதிகளும் இதனை வற்புறுத்துகின்றன. உச்ச விலை என்பது அதற்கு மேல் வாங்கலாகாத விலையேயன்றிக் கொடுத்தே தீர வேண்டிய விலையன்று. அதனினும் குறைத்து விற்பதற்குத் தடை இல்லை.

தரத்தை அறிவதற்கும் குறிகள் உள்ளன. வேளாண் பொருள்களுக்கு உரிய ‘அக்மார்க்’ முத்திரை 1937 ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக வந்தது. மின்கருவிகள், தலைக்கவசம், அழுத்தக் கொதிகலன் முதலியவற்றில் காணப்படும் ‘ஐ.எஸ்.ஐ.’ முத்திரை, 1947 ஆம் ஆண்டில் தோன்றிய இந்தியத் தர நிறுவனத்தின் பெயரால் அமைந்தது. அந்நிறுவனத்தின் பணியை 1987 முதல் இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஆற்றி வருகின்றது. முத்திரையின் வடிவத்தை மட்டும் கண்டு மனநிறைவு கொள்ளலாகாது. அதனுடன் பொறிக்கப்பட்ட உரிம எண்ணையும் நோக்குதல் வேண்டும். போலித் தலைக்கவசத்தின் விலை சிறிது குறைவாக இருக்கலாம். ஆனால், அது காக்கத் தவறுவது ஓர் உயிரை என்பதை மறக்கலாகாது.

விலை வேறு, செலவு வேறு. கடையில் ஒரு முறை கொடுப்பது விலை. அப்பொருள் நம்மிடம் உள்ள அளவும் கொடுத்துக்கொண்டே இருப்பது செலவு. 60 வாட் இழை விளக்கு ஒன்று நாள்தோறும் ஐந்து மணி நேரம் எரிந்தால், ஓர் ஆண்டில் ஏறத்தாழ 110 அலகு மின்சாரம் செலவாகும். ஏறக்குறைய அதே அளவு ஒளி தரும் 9 வாட் எல்.இ.டி. விளக்குக்கு 16 அலகே போதும். முன்னதன் விலை குறைவு. ஆயினும் அதனை வாங்குபவர் ஆண்டுதோறும் 90 அலகுக்கு மேற்பட்ட மின்சாரத்திற்கு வீணே பணம் செலுத்துகின்றார். குளிர்பதனப் பெட்டி, குளிரூட்டும் கருவி போன்றவற்றில் நட்சத்திரக் குறிகள் கொண்ட சீட்டு ஒட்டப்பட்டிருப்பதைக் காணலாம். இத்திட்டத்தை நடுவணரசு 2006 ஆம் ஆண்டில் தொடங்கியது. நட்சத்திரங்களை எண்ணுவதோடு அமையாது, அச்சீட்டில் குறித்துள்ள ஆண்டு மின்செலவையும் படித்தறிதல் வேண்டும்.

இனி, மோட்டார் வண்டி வாங்குவதைப் பற்றி ஆராய்வோம். ஒரு கார் லிட்டருக்கு 20 கிலோமீட்டரும், மற்றொன்று 16 கிலோமீட்டரும் ஓடுவதாகக் கொள்வோம். மாதம் 1,000 கிலோமீட்டர் செல்லும் குடும்பத்திற்கு முன்னதற்கு 50 லிட்டரும், பின்னதற்கு 62.5 லிட்டரும் எரிபொருள் தேவை. ஆண்டொன்றுக்கு 150 லிட்டர் வேறுபாடு உண்டாகின்றது. இதனோடு காப்பீடும், பழுது பார்க்கும் செலவும், சக்கர உறை மாற்றும் செலவும் சேர்த்து எண்ணத்தக்கவை.

பலர் வண்டியைக் கடனுக்கே வாங்குகின்றனர். இங்குத்தான் மிகுந்த விழிப்பு வேண்டும். ஒரு லட்சம் ரூபாய்க் கடனை மூன்று ஆண்டுகளில் தவணை முறையில் தீர்க்க ஒருவர் விரும்புகின்றார். முதல் நிறுவனம் ‘வட்டி 10 விழுக்காடு’ என்கின்றது. இரண்டாம் நிறுவனம் ‘வட்டி 14 விழுக்காடு’ என்கின்றது. முதலாவதே மலிவு என்று யாருக்கும் தோன்றும். ஆனால், முதல் நிறுவனம் தொடக்கக் கடன் முழுமைக்கும் இறுதி வரை வட்டி கணக்கிடுகின்றது. தவணைதோறும் கடன் குறைந்து வருவதை அது கருதுவதில்லை. ஆகவே, வட்டி 30,000 ரூபாய் ஆகின்றது. இரண்டாம் நிறுவனமோ எஞ்சியுள்ள கடனுக்கு மட்டுமே வட்டி கணக்கிடுகின்றது. அதனால் வட்டி ஏறத்தாழ 23,000 ரூபாயே ஆகின்றது. முதல் நிறுவனத்தின் ‘10 விழுக்காடு’ உண்மையில் ஏறத்தாழ 18 விழுக்காட்டிற்கு ஒப்பாகும்! ஆதலின், ‘வட்டி எத்தனை விழுக்காடு?’ என்று கேட்பதோடு நில்லாது, ‘கடன் தீரும் நாள் வரை நான் செலுத்தும் மொத்தத் தொகை எவ்வளவு?’ என்று கேட்டு, அதனை எழுத்தில் பெறுதல் வேண்டும்.

வண்டியின் அழகினும் அதன் பாதுகாப்பு பெரிது. அமெரிக்க நாட்டில் ரால்ஃப் நாடர் என்னும் வழக்கறிஞர், கார்களின் அமைப்பில் இருந்த குறைகளை எடுத்துக்காட்டி 1965 ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். மக்கள் விழிப்புற்றனர், மறு ஆண்டே அந்நாட்டில் வண்டிகளின் பாதுகாப்புக்கான சட்டம் பிறந்தது. நம் நாட்டிலும் கார்களை மோதவிட்டுச் சோதித்து நட்சத்திர மதிப்பு வழங்கும் திட்டம் 2023 ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. பழைய வண்டி வாங்குவோர் பதிவுச் சான்றில் உள்ள இயந்திர எண்ணையும் அடிச்சட்ட எண்ணையும் வண்டியோடு ஒப்பிட்டு நோக்குதல் வேண்டும். அதன்மீது கடன் நிலுவை உண்டா என்று அறிந்த பின்னரே பணம் கொடுத்தல் வேண்டும்.

எல்லாவற்றினும் பெரியது வீடு வாங்குதல். கணவனும் மனைவியும் பல்லாண்டு வயிற்றைக் கட்டிச் சேர்த்த பொருள் ஒரே நாளில் ஒரு பத்திரத்தின்மேல் வைக்கப்படுகின்றது. அதில் தவறு நேரின் ஒரு தலைமுறையின் உழைப்பே அழியும். ஆதலால், சுவரின் வண்ணத்தைக் காணுமுன் பத்திரத்தின் வரலாற்றைக் காணுதல் நன்று. விற்பவர்க்கு அந்நிலம் எவ்வாறு வந்தது என்பதை மூலப் பத்திரங்கள் காட்டும். பதிவு செய்யப்பட்ட விற்பனை, அடமானம் முதலியவற்றைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பெறும் வில்லங்கச் சான்று காட்டும். பட்டா யார் பெயரில் உள்ளது, கட்டடத்திற்கு உரிய அனுமதி உண்டா என்பவற்றையும் அறிதல் வேண்டும். வழக்கறிஞர் ஒருவரிடம் இவற்றைக் காட்டித் தெளிவதற்கு ஆகும் செலவு வீண்செலவு ஆகாது.

அடுக்குமாடி வீட்டின் பரப்பிலும் கருத்து வேண்டும். 1,000 சதுர அடி வீடு 50 லட்சம் ரூபாய் எனின், சதுர அடி 5,000 ரூபாய் என்று தோன்றும். ஆனால், படிக்கட்டு, நடைவழி ஆகியவற்றின் பங்கை நீக்கினால் நாம் புழங்கும் இடம் 700 சதுர அடியே என்று கொள்வோம். அப்பொழுது சதுர அடியின் விலை 7,140 ரூபாய்க்கு மேல் ஆகின்றது. 2016 ஆம் ஆண்டின் கட்டட மனை ஒழுங்குமுறைச் சட்டம் இக்குறையைப் போக்க, உள்ளே புழங்கும் தரைப்பரப்பையே அளவாகக் கொள்ளச் செய்தது. அச்சட்டத்திற்கு உட்பட்ட திட்டங்களில், ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் முன்பணம் பெறுதலும் கூடாது.

வீட்டுக் கடனின் நீளமும் எண்ணத்தக்கது. 20 லட்சம் ரூபாயை ஆண்டுக்கு 9 விழுக்காடு வட்டியில் பெற்று 20 ஆண்டுகளில் தீர்ப்பவர், மாதம் ஏறத்தாழ 18,000 ரூபாயாக மொத்தம் 43 லட்சத்திற்கு மேல் செலுத்துவார். மாதம் 2,300 ரூபாய் கூடுதலாகச் செலுத்த இயலுமாயின், அக்கடன் 15 ஆண்டுகளில் தீரும். ஆறரை லட்சம் ரூபாய்க்கு மேல் மிஞ்சும்.

இவ்வளவு ஆய்ந்தும் ஏமாற்றம் நேர்ந்தால் வாளா இருத்தல் தகாது. நம் நாட்டில் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 1986 ஆம் ஆண்டு டிசம்பர் 24 ஆம் நாள் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. அந்நாளே தேசிய நுகர்வோர் நாளாகப் போற்றப்படுகின்றது. அதற்கு மாற்றாக இயற்றப்பட்ட 2019 ஆம் ஆண்டுச் சட்டம் 2020 ஜூலை முதல் நடைமுறையில் உள்ளது. அதன்படி, வாங்கியவர் தாம் வாழும் இடத்திற்கு உரிய மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே முறையிடலாம். விற்பவரின் ஊரைத் தேடி அலைய வேண்டியதில்லை. பொதுவாக, வழக்கிற்குரிய காரணம் தோன்றிய நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிடுதல் வேண்டும். 1915 என்னும் தொலைபேசி எண்ணிலும் உதவி பெறலாம். இவற்றுக்கெல்லாம் அடிப்படையாக விளங்குவது விலைச்சீட்டு. அதனைக் கேட்டுப் பெறாதவர், தம் உரிமைக்கு உரிய சான்றைத் தாமே கைவிட்டவர் ஆவர்.

‘இத்தனை வினாக்களைக் கேட்டால் கடைக்காரர் நம்மை இழிவாக எண்ணுவாரே’ என்று சிலர் கூசுவர். வினாவுதல் இழிவன்று, வினாவாமல் ஏமாந்தபின் வருந்துதலே இரங்கத்தக்கது. மேலும், நல்ல வணிகர் வினாக்களுக்கு அஞ்சுவதில்லை. ஆராயாது வாங்குவோர் நிறைந்த ஊரில் கலப்படம் செய்பவர் செழிப்பர். நல்ல பொருள் விற்பவர் நலிவர். ஆராய்ந்து வாங்குவோர் நிறைந்த ஊரிலோ நேர்மையே நல்ல முதலாக விளங்கும்.

மாணவர்களே! வீட்டிற்கு ஒரு பொருள் வாங்கக் கடைக்குச் செல்லும்பொழுது எடையை நோக்குங்கள், விலையைக் கணக்கிடுங்கள், முத்திரையைப் படியுங்கள், விலைச்சீட்டைப் பெறுங்கள். பள்ளியில் கற்ற கணக்கும் தமிழும் அங்கே உங்களுக்குப் பயன்படும். உங்கள் பெற்றோர் வியர்வை சிந்தி ஈட்டிய பொருள் வீணாகாமல் காப்பது உங்கள் கடமை. அக்கடமையை இன்றே மேற்கொள்வீர்களாக!