படக்கதை நம்மைப் பிடித்து நிறுத்துவது எதனால்?

படக்கதைப் புத்தகம் கையில் இருந்தால் நம் வீடுகளில் எழும் முதற்கேள்வி, "பாடப்புத்தகம் எங்கே?" என்பதுதான். இப்படிக் கேட்கும் தந்தையே தம் சிறு வயதில் இரும்புக்கை மாயாவியைத் தலையணைக்கடியில் ஒளித்து வைத்தவராக இருப்பார். அதை நாம் சுட்டிக்காட்டினால் வீட்டில் அமைதி நிலவாது. ஆகவே சுட்டிக்காட்ட வேண்டாம்.

சென்ற ஆண்டு நூலக வகுப்பில், எங்களுள் ஒருத்தியின் நிலவரைபட ஏட்டுக்குள் ஜப்பானியப் படக்கதை ஒன்று அகப்பட்டது. சிஸ்டர் அதைப் பறித்து மேசைக்குள் போடவில்லை. நின்றபடியே நான்கு பக்கம் புரட்டிப் பார்த்துவிட்டு, "சாப்பாட்டு மணியையும் மறந்து இதைப் படிக்கிறீர்களே, இதில் அப்படி என்ன இருக்கிறது? ஆராய்ந்து எழுதிக் கொடுங்கள். காரணம் சரியாக இருந்தால் நூலகத்தில் ஓர் அடுக்கு ஒதுக்கலாம். இல்லையென்றால் இனி இந்தப் புத்தகங்கள் பள்ளி வாசலைத் தாண்டக் கூடாது" என்றார்கள். அன்று தொடங்கிய ஆராய்ச்சியின் பயனே இக்கட்டுரை.

முதலில் ஒரு பெருமையைச் சொல்லிவிடுகிறோம். தமிழில் படக்கதையை மாதந்தோறும் வீட்டுக்கு வீடு கொண்டுசேர்த்த 'முத்து காமிக்ஸ்' 1972இல் சிவகாசியில் தோன்றியது. அதைத் தொடங்கியவர் திரு. சௌந்திரபாண்டியன். அன்று சிவகாசி நம் இராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்த ஊர். 1985இல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபோதுதான் அது நம்மைவிட்டுப் போயிற்று. அதற்கு முந்தைய ஆண்டு, 1984இல், அதே ஊரில் திரு. விஜயன் அவர்களை ஆசிரியராகக் கொண்டு 'லயன் காமிக்ஸ்' வெளிவரத் தொடங்கியது. ஆக, தமிழ்ப் படக்கதையின் தொட்டில் நம் மாவட்டத்தில்தான் ஆடியது. சிவகாசியைக் 'குட்டி ஜப்பான்' என்று அழைப்பார்கள். இன்று நாங்கள் விரும்பிப் படிப்பதோ பெரிய ஜப்பானின் 'மங்கா'. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் சில உண்மைகள் புலப்படுகின்றன.

படக்கதை எப்படி இயங்குகிறது என்பதை அறிய வெகுதூரம் போக வேண்டியதில்லை. தபசுகாலத்து வெள்ளிக்கிழமைகளில் நாம் சிலுவைப்பாதை செய்கிறோம் அல்லவா? கோவில் சுவரில் பதினான்கு படங்கள். மூன்றாம் ஸ்தலத்தில் ஆண்டவர் முதன்முறை கீழே விழுகிறார். நான்காம் ஸ்தலத்தில் தம் தாயைச் சந்திக்கிறார். இந்த இரண்டு படங்களுக்கும் நடுவே சுவர் வெறுமையாக இருக்கிறது. விழுந்தவர் எப்படி எழுந்தார், கூட்டத்தை விலக்கிக்கொண்டு அந்தத் தாய் எப்படி வந்தாள், மகன் விழுந்ததை அவள் கண்டாளா என்பதை எந்த ஓவியரும் வரையவில்லை. அதை வரைவது நாமே. ஒரு ஸ்தலத்திலிருந்து அடுத்த ஸ்தலத்துக்குப் பாடிக்கொண்டே நடக்கும் அந்தப் பத்து அடிக்குள் நம் மனம் அதை வரைந்து முடித்துவிடுகிறது. ஆகையால்தான் ஆண்டுதோறும் அதே படங்களைக் கண்டும் கண் கலங்குகிறது.

படக்கதையில் ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் இடையே உள்ள வெள்ளைக் கோடும் அந்த வெறுஞ்சுவரைப் போன்றதே. ஒரு கட்டத்தில் ஓங்கிய கை, அடுத்த கட்டத்தில் உடைந்த கதவு. அடித்ததை நாம்தான் அடித்தோம். திரைப்படம் எல்லாவற்றையும் தானே காட்டிவிடுகிறது. படக்கதையோ பாதியைக் காட்டி மீதியை நம்மிடம் விட்டுவிடுகிறது. வேலையில் பங்கு கொடுத்தவரிடம் நமக்குப் பற்று உண்டாவது இயல்பே. (இராமநாதபுரம் அரண்மனையின் இராமலிங்க விலாசத்தில் பதினெட்டாம் நூற்றாண்டுச் சுவரோவியங்களைச் சுற்றுலாவில் பார்த்தோம். இராமாயணமும் சேதுபதி மன்னரின் போரும் வரிசை வரிசையாகத் தீட்டப்பட்டுள்ளன. படம் பார்த்துக் கதை அறிவது இந்த மண்ணுக்குப் புதிதல்ல.)

அடுத்து, நாயகனைப் பற்றிப் பார்ப்போம். இரும்புக்கை மாயாவி இங்கிலாந்தில் 1962இல் 'வேலியண்ட்' என்னும் இதழில் பிறந்தவன். அவனை வரைந்தவர் ஸ்பெயின் நாட்டவரான ஜேசுஸ் பிளாஸ்கோ. ஆய்வுக்கூட விபத்தில் வலக்கையை இழந்த லூயிஸ் கிராண்டேல் இரும்புக்கை பொருத்திக்கொள்கிறான். மின்சாரம் பாய்ந்ததும் அவன் உடல் மறைந்துவிடும், இரும்புக்கை மட்டும் மறையாது. இதில்தான் நயமே இருக்கிறது. முழுவதும் மறையக்கூடியவனுக்கு ஆபத்து ஏது? அவனோ அந்தரத்தில் மிதக்கும் ஒரு கையைச் சுமந்துகொண்டு பகைவர் நடுவே நடக்க வேண்டும். மின்சாரத்தின் வலிமை குறைந்தால் உடல் தெரிந்துவிடும். அவனுடைய ஆற்றலைவிட அவனுடைய குறையே நம்மை மூச்சடக்கிப் படிக்க வைக்கிறது.

இன்னொன்றும் உண்டு. முதற்கதையில் கிராண்டேல் நல்லவன் அல்லன். கிடைத்த வரத்தைத் தீமைக்கே பயன்படுத்துகிறான். பின்னரே திருந்தி நல்லோர் பக்கம் வருகிறான். அவனைப் போலவே தமிழில் புகழ்பெற்ற 'ஸ்பைடர்' என்பவனும் முதலில் குற்றவாளிதான். சிறு பிள்ளைகள் படிக்கும் கதையில் இப்படி மனந்திரும்பியவர்கள் இருவர் நாயகர்களாக அமைந்தது எங்களுக்கு வியப்பாக இருந்தது. சிஸ்டரிடம் சொன்னபோது அவர்கள், "புனித பவுலும் அப்படித்தானே" என்று மட்டும் கூறிவிட்டுச் சென்றார்கள். அடுக்கு கிடைக்கும் என்ற நம்பிக்கை எங்களுக்கு அன்றே பிறந்தது.

'தொடரும்' என்ற ஒரு சொல்லின் வலிமையையும் சொல்ல வேண்டும். 1947இல் தொடங்கிய 'அம்புலிமாமா'வில் விக்கிரமாதித்தன் மாதந்தோறும் பிணத்தைத் தோளில் சுமந்தான். மாதந்தோறும் வாய் திறந்தான், வேதாளமும் மாதந்தோறும் முருங்கை மரம் ஏறியது. அவன் தோற்பான் என்று தெரிந்தும் நம் பாட்டிமார் அடுத்த இதழுக்குக் காத்திருந்தார்கள். லயன் காமிக்ஸில் வந்த 'இரத்தப் படலம்' இதைவிடப் பெரிய காத்திருப்பு. கடற்கரையில் ஒருவன் குற்றுயிராக ஒதுங்குகிறான். முதியவர் ஒருவரும் அவர் மனைவியும் காப்பாற்றுகிறார்கள். கண் விழித்தவனுக்குத் தன் பெயரே நினைவில்லை. தோளருகே பதின்மூன்று என்று ரோமன் எண் பச்சை குத்தப்பட்டிருக்கிறது. தான் யார் என்று அவன் தேடுவதே கதை. வான் ஹாம் எழுதி, வான்ஸ் வரைந்த இத்தொடர் பெல்ஜிய நாட்டு இதழில் 1984இல் தொடங்கியது. தமிழில் அதன் பதினெட்டுப் பாகங்களும் ஒரே தொகுப்பாக வந்தது 2010இல். பள்ளிப் பருவத்தில் முதற்பாகத்தைப் படித்தவர்கள் முடிவைப் படிக்கும்போது தம் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்திருந்தார்கள்! கடல் எதை ஒதுக்கும், எதை ஒதுக்காது என்று கரையில் நின்று பார்த்துப் பழகிய நமக்கு இக்கதையின் முதற்பக்கமே போதும்.

இனி ஜப்பானுக்குச் செல்வோம். மங்காவை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். முதல் நாள் தலை சுற்றும், மூன்றாம் நாள் பழகிவிடும். இக்கலையின் தந்தை போலப் போற்றப்படும் ஒசாமு தெசுகா (1928–1989), இளவரசனாக வளர்க்கப்பட்ட ஓர் இளவரசியின் கதையைச் சிறுமியருக்காகவே 1953இல் தொடங்கினார். 1970களில் ரியோகோ இகேடா முதலிய பெண்களே பெண்களுக்காகப் பெருங்கதைகளை வரையலாயினர். நம் நாட்டில் அப்படிப்பட்ட பெண் ஓவியர்கள் பெருக வேண்டும் என்பது எங்கள் அவா.

எங்கள் வகுப்பில் பெரும்பாலோர் விரும்பும் தொடர் எய்ச்சிரோ ஓடாவின் 'ஒன் பீஸ்'. 1997இல் தொடங்கியது, நூறு தொகுதிகளைக் கடந்துவிட்டது. லூஃபி என்னும் சிறுவனும் அவன் தோழரும் கடலோடுகிறார்கள். அவர்களுடைய முதற்கப்பலின் பெயர் 'மெரி'. அவர்களுக்கு அது அன்பளிப்பாகக் கிடைத்தது. போகும் இடமெல்லாம் அது அடிபடுகிறது. தோழருள் ஒருவனாகிய உசோப் தகரத்தையும் பலகையையும் வைத்து ஒட்டுப் போட்டுக்கொண்டே வருகிறான். தொகுதி தொகுதியாக அந்த ஒட்டுகளை நாமும் பார்த்துக்கொண்டே வருகிறோம், அவற்றுக்கு ஒரு பொருள் உண்டென்று நினையாமலே. ஒருநாள் கப்பல் கட்டும் தச்சர்கள், அடிமரம் முறிந்துவிட்டது, இனிச் செப்பனிட இயலாது என்று கைவிரிக்கிறார்கள். புதுக்கப்பல் வாங்குவோம் என்கிறான் தலைவன். கப்பலைக் கைவிடுவது தோழனைக் கைவிடுவதற்கு ஒப்பாகும் என்கிறான் உசோப். நண்பர்கள் பிரிகிறார்கள். பின்னர் அவர்கள் சாவின் விளிம்பில் நிற்கும்போது, மாலுமி எவரும் இன்றி அந்த முறிந்த கப்பல் தானே வந்து அவர்களை ஏற்றிக்கொள்கிறது. அதன்பின் இரண்டாகப் பிளக்கிறது. தலைவன் தன் கையாலேயே அதற்குத் தீ மூட்டுகிறான். எரியும்போது கப்பல் அவர்களிடம் பேசுகிறது, இன்னும் சிறிது தூரம் சுமக்க முடியவில்லையே என்று மன்னிப்புக் கேட்கிறது.

இதைப் படித்து அழாதவர் எங்கள் வகுப்பில் இல்லை. மரக்கப்பலுக்காக அழுவதா என்று வெளியூரார் நகைக்கலாம். நம் கரையில் நகைக்கமாட்டார்கள். தங்கச்சிமடத்திலும் பாம்பனிலும் புது வல்லத்தைக் கடலில் இறக்கும்போது சாமியாரை அழைத்து மந்திரிக்கிறோம், அந்தோணியார் பெயரை வைக்கிறோம், மாலை சூட்டுகிறோம். இருபது ஆண்டு உழைத்த பிறகு அதே வல்லத்தின் பலகைகளைப் பிரித்து விறகுக்குப் போடும் நாளில் வீட்டுப் பெரியவர் கரைப்பக்கம் போகாமல் இருப்பதை எங்களுள் சிலர் கண்டிருக்கிறோம். அவர் ஏன் போகவில்லை என்று எவரும் கேட்டதில்லை. ஜப்பானியர் ஒருவர் வரைந்த படத்தைப் பார்த்த பிறகே எங்களுக்கு அது விளங்கிற்று.

நூறு அத்தியாயங்களுக்கு முன் போட்ட ஒட்டு இப்போது நம்மை அழ வைக்கிறதென்றால், அந்த உணர்ச்சி உழைத்துச் சேர்த்த உணர்ச்சி. முதற்பக்கத்திலேயே அழ வைக்க முயலும் கதைகள் ஏன் மனத்தில் தங்குவதில்லை என்பதும் இதனால் புரிகிறது.

கெய்ஜி நகசாவா 1973இல் தொடங்கிய 'வெறுங்கால் ஜென்' வேறு வகையானது. 1945 ஆகஸ்ட் 6ஆம் நாள் காலை ஹிரோஷிமாவில் ஆறு வயதுச் சிறுவனாகப் பள்ளி வாசலில் நின்றவர் அவர். வேறொரு பிள்ளையின் தாயோடு பேசிக்கொண்டிருந்த நொடியில் அணுகுண்டு விழுந்தது. பள்ளியின் மதிற்சுவர் அவரை மறைத்தது. வீட்டில் தந்தையும் அக்காளும் தம்பியும் மாண்டனர். அன்றே பிறந்த தங்கையும் சில வாரங்களில் இறந்துபோனாள். அதை அவர் படமாக வரைந்தார். அந்தக் கதையிலும் சிறுவர்கள் விளையாடுகிறார்கள், பாடுகிறார்கள், சோற்றுக்காகச் சண்டையிடுகிறார்கள். அந்தச் சிரிப்பு இல்லையென்றால் அந்தத் துன்பத்தை நம்மால் ஒரு பக்கம்கூடத் தாங்க முடியாது.

குறைகளையும் மறைக்காமல் எழுதுகிறோம். வார இதழை நிரப்ப வேண்டிய கட்டாயத்தால் ஒரே சண்டை பல வாரம் இழுபடுகிறது, அத்தகைய பக்கங்களை நாங்கள் தள்ளிவிட்டுப் படிக்கிறோம். பெண்களைக் கண்ணியமின்றி வரையும் தொடர்கள் பல உண்டு. அவை நம் அடுக்கில் வேண்டாம் என்று நாங்களே பட்டியல் போட்டுக் கொடுத்துவிட்டோம். பெற்றோர் அஞ்சுவதில் நியாயம் இல்லாமல் இல்லை.

ஆராய்ச்சியோடு நில்லாமல் நாங்களும் எட்டுக் கட்டங்களில் ஒரு படக்கதை வரைந்து பார்த்தோம். 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவு தனுஷ்கோடியைப் புயல் அழித்ததும், பாம்பனிலிருந்து சென்ற பயணிகள் ரயிலைக் கடல் கொண்டதும் நாம் கேட்டு வளர்ந்த செய்தி. முதன்முறை வரைந்தபோது பனைமர உயரத்துக்கு அலை, கவிழும் ரயில்பெட்டி, அலறும் வாய்கள் என்று எட்டுக் கட்டங்களையும் நிரப்பினோம். வகுப்பில் சுற்றுக்கு விட்டோம். "நல்லாயிருக்கு" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்கள். அதற்குமேல் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

எங்களுள் ஒருத்தியின் பாட்டி தனுஷ்கோடியில் பிறந்தவர். அவரிடம் காட்டினோம். அவர் அலையைப் பற்றிப் பேசவே இல்லை. அன்று மாலை ஊறப்போட்ட அரிசியைப் பற்றித்தான் பேசினார். மறுநாள் ஆட்டுவதற்காக ஊற வைத்தாராம். கிறிஸ்துமஸுக்கு மூன்று நாள் இருந்தது.

மறுபடியும் வரைந்தோம். முதற்கட்டத்தில் சட்டியில் அரிசி. இரண்டாவதில் கோவில் முற்றத்தில் பாதி கட்டிய குடில். மூன்றாவதில் நிலைய மேடையில் காத்திருக்கும் ஒருவர், கையில் விளக்கு. நான்காவதில் அதே விளக்கு, காற்றில் சாய்ந்த சுடர். ஐந்தாம், ஆறாம் கட்டங்களை முழுவதும் கறுப்பாக மை பூசிவிட்டோம். ஏழாவதில் விடிந்த வானம், அடியில் தண்ணீர். எட்டாவதில் இன்றும் அங்கே நிற்கும் கூரையில்லாத கோவில் சுவர்.

அதையும் பாட்டியிடம் கொண்டுபோனோம். கறுப்புக் கட்டங்கள் இரண்டின் மேலும் விரலை வைத்துக்கொண்டு நெடுநேரம் இருந்தார். பிறகு, விளக்கோடு நிற்பவருக்குத் தலைப்பாகை இருந்திருக்கும், வரையவில்லையே என்று கேட்டார். வரைந்து சேர்த்துவிட்டோம். படம் இப்போது நூலகத்தில், புதிதாக ஒதுக்கிய அடுக்குக்கு மேலே ஒட்டப்பட்டிருக்கிறது.