இருக்கை வார்

பவானியிலிருந்து ஈரோட்டுக்குப் பேருந்தில் செல்லுங்கால், ஓட்டுநர் திடீரென வண்டியை நிறுத்தினால், நின்றுகொண்டு வருவோர் முன்னே சாய்வதைக் கண்டிருப்பீர்கள். வண்டி நின்றுவிடுகின்றது, அதனோடு வந்த உடலோ தான் பெற்ற வேகத்தை விடாது முன்னோக்கியே செல்ல முற்படுகின்றது. நியூட்டன் என்னும் அறிஞர் வகுத்த முதல் இயக்க விதி இதுவே. மண்ணில் ஓடும் ஊர்திக்குரிய இவ்விதி விண்ணில் பறக்கும் ஊர்திக்கும் உரியதாம். வானூர்தியில் இருக்கைதோறும் வார் அமைத்திருப்பது இதன் பொருட்டேயாகும்.

வார் என்பது தோற்பட்டையைக் குறிக்கும் பழஞ்சொல். வானூர்தி தோன்றிய தொடக்கக் காலத்தில் இருக்கை வாரும் தோலாலேயே ஆயிற்று. 1910ஆம் ஆண்டில் அமெரிக்கப் படையைச் சார்ந்த பெஞ்சமின் ஃபுலாய் என்பார், குதிரைச் சேணம் செய்வோரிடம் தோல்வார் ஒன்றைப் பெற்றுத் தம்மை இருக்கையோடு பிணைத்துக்கொண்டு பறந்தார். இக்கால வார் செயற்கை இழைகளால் நெய்யப்படுவது. பவானி மாணவர்க்குப் பாவும் ஊடையும் புதியன அல்ல. நம் ஊர் ஜமக்காளத்தின் அழகு ஊடையில் விளங்கும். வாரின் வலிமையோ நீளவாட்டில் ஓடும் பாவில் அமைந்துள்ளது.

ஆற்றில் சுழல் இருப்பதுபோலக் காற்றிலும் சுழலும் கொந்தளிப்பும் உண்டு. மழைமேகத்தை விமானத்தின் ரேடார் கருவி முன்னரே காட்டும். மேகமற்ற வெளியில் எழும் கொந்தளிப்பை அக்கருவியாலும் காண இயலாது. ஆதலின், வாரை அணியுமாறு அறிவிக்கும் விளக்கு, ஆபத்துக்கு நெடுநேரம் முன்னதாகவே எரியும் என்று எண்ணுதல் தவறு.

2024ஆம் ஆண்டு மே மாதம் 20ஆம் நாள் இலண்டனிலிருந்து சிங்கப்பூர் நோக்கி ஒரு விமானம் புறப்பட்டது. அதில் 211 பயணியரும் 18 பணியாளரும் இருந்தனர். மறுநாள் அது மியான்மர் நாட்டின்மீது ஏறத்தாழ 37,000 அடி உயரத்தில் பறந்துகொண்டிருந்தது. எச்சரிக்கை விளக்கு எரிந்த எட்டு நொடிக்குள் விமானம் கடுங் கொந்தளிப்பில் அகப்பட்டது. 4.6 நொடியில் 178 அடி கீழே இறங்கிற்று. விமானம் இறங்க, வார் அணியாதோர் உடல்கள் உடன் இறங்காமல் மேலெழுந்து, பின்னர் வீழ்ந்தன. பலர் காயமுற்றனர். முதியவர் ஒருவர் உயிரிழந்தார். மாரடைப்பே காரணமாகலாம் என்றனர். விமானம் பாங்காக் நகரில் இறக்கப்பட்டது. எழுந்து நடமாடுவோர் தம் இடத்தை அடைந்து வாரைப் பூட்டிக்கொள்ள எட்டு நொடி போதுமோ? நீங்களே எண்ணிப் பாருங்கள்.

வாரை வயிற்றின்மேல் அணியலாகாது. இடுப்பெலும்பின்மேல் தாழ்வாகவும் இறுக்கமாகவும் அணிதல் வேண்டும். எலும்பு தாங்கும் விசையை வயிற்றின் உள்ளுறுப்புகள் தாங்கமாட்டா. மகிழுந்தின் வாரைப் பொத்தானை அழுத்தி விடுவிப்போம்; விமானத்தின் வாரையோ அதன் மூடியை உயர்த்தி விடுவிக்க வேண்டும். இவ்வேறுபாட்டை முன்னரே அறியாதார் இடர் நேர்ந்தபோது தடுமாறுவர். மடியிலிருக்கும் குழந்தைக்குத் தனி வார் தருவார்கள். தாயின் கை எத்துணை அன்புடையதாயினும் பெருவிசையை எதிர்த்து நில்லாது. விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் சாய்விருக்கையை நிமிர்த்தி, உணவுத் தட்டை மடித்து வைத்தல் வேண்டும். பின்வரிசையில் இருப்பவர் விரைந்து வெளியேறும் வழி அதனால் தடையின்றி இருக்கும்.

வெள்ளம் வருமுன் அணைகோலுதல் வேண்டும் என்பதைக் காவிரிக் கரையில் வாழும் நமக்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. இந்நாளில் கோவைப் பீளமேட்டிலிருந்தே சிங்கப்பூருக்கு விமானம் செல்கின்றது. உங்கள் இல்லத்து முதியோர் முதன்முறை விமானம் ஏறும்பொழுது, வாரைப் பூட்டவும் விடுவிக்கவும் அவர்களுக்குக் காட்டுங்கள். விளக்கு அணைந்த பின்னரும், இருக்கையில் அமர்ந்திருக்குங்காறும் அதனை அவிழ்க்க வேண்டா என்றும் கூறுங்கள்.