ஐயாவின் குரலும் என் மடிக்கணினியும்

இந்த மாதப் பாடம், கணினியில் குரல் தட்டச்சை எப்படிச் சரியாக அமைப்பது என்பது. நான் இதைக் கற்றுக்கொண்டது கல்லூரியில் இல்லை, ஒரு பெரியவரிடம் தலைகுனிந்த பிறகுதான்.

சின்ன வயதில் எனக்குத் தேவாரம் சொல்லிக் கொடுத்த ஐயா இப்போது பிரிக்பீல்ட்ஸில் இருக்கிறார். முன்பு கிள்ளானில் எங்கள் வீட்டுப் பக்கத்துக் கோவிலில் ஞாயிறுதோறும் வகுப்பு எடுத்தவர். இனிப்புநீர் கண்ணைப் பாதித்து, சில வருடமாக எழுத்து எதுவும் தெரிவதில்லை. வகுப்பில் சொன்ன விளக்கங்களைச் சிறு புத்தகமாக எழுதி வைக்க வேண்டும் என்பது அவர் ஆசை.

"நீங்க சொல்லுங்க ஐயா, நான் டைப் பண்றேன்" என்றேன்.

"நீ பரீட்சைக்குப் போயிட்டா என் புத்தகமும் நின்னுடும் தம்பி. நானே எழுத வழி இருந்தா சொல்லு" என்றார்.

பிரிக்பீல்ட்ஸில் இந்தக் கேள்வி புதிதில்லை. 1951ல் தொடங்கிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இருப்பது இங்கேதான். நடைபாதையில் பதித்த மஞ்சள் கற்களைக் கோலால் தடவிப் போகிறவர்களை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம்.

என் மடிக்கணினியை எடுத்துப் போனேன். ஐயா பேசினார். திரையில் பாதி நேரம் ஒன்றுமே வரவில்லை. வந்தபோது சம்பந்தமில்லாத ஆங்கிலச் சொற்கள். "வயசாயிடுச்சு, உச்சரிப்பு தெளிவா இல்லையோ" என்று மனசுக்குள் நினைத்தேன். அவரே கேட்டுவிட்டார்: "என் தமிழ் சரியில்லையா தம்பி?" நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு ழகரம் திருத்தியவர் கேட்ட கேள்வி அது.

வீட்டுக்குத் திரும்பி செட்டிங்ஸைத் திறந்த பிறகுதான் புரிந்தது. கணினி கேட்டுக்கொண்டிருந்தது ஐயாவின் குரலை இல்லை. என் பைக்குள் அணைக்காமல் கிடந்த புளூடூத் ஹெட்போனின் மைக்கை! மொழியும் ஆங்கிலத்திலேயே இருந்தது. தப்பு முழுக்க என்னுடையது.

ஆகவே, பேசுகிறவரைக் குறை சொல்வதற்கு முன் இந்த ஐந்தையும் வரிசையாகப் பாருங்கள். விண்டோஸ் 11 கணினிக்குச் சொல்கிறேன்.

1. எந்த மைக்? செட்டிங்ஸில் சிஸ்டம், அதில் சவுண்ட், அதில் இன்புட். நீங்கள் பயன்படுத்தும் மைக்கைத் தேர்ந்தெடுங்கள். பேசும்போது ஒலியளவுக் கோடு அசைய வேண்டும். அசையவில்லை என்றால் மற்றதெல்லாம் வீண்.

2. அனுமதி இருக்கிறதா? பிரைவசி அண்ட் செக்யூரிட்டி பகுதியில் மைக்ரோபோன். அங்கே செயலிகளுக்கு அனுமதி திறந்திருக்க வேண்டும். உலாவியில் ஒருமுறை 'பிளாக்' அழுத்தியிருந்தால், முகவரிப் பட்டையின் இடப்பக்கக் குறியைத் தட்டி மாற்றுங்கள்.

3. எந்த மொழி? டைம் அண்ட் லாங்குவேஜ் பகுதியில் தமிழைச் சேருங்கள். பிறகு விண்டோஸ் விசையும் ஸ்பேஸும் சேர்த்து அழுத்தித் தமிழ் விசைப்பலகைக்கு மாறுங்கள். குரல் தட்டச்சு அந்த மொழியைத்தான் பின்பற்றும். இப்போது விண்டோஸ் விசையும் எச் எழுத்தும் அழுத்தினால் மைக் திறக்கும். இணையம் கட்டாயம் வேண்டும்.

4. எந்தத் தமிழ்? கூகுள் டாக்ஸில் டூல்ஸ், வாய்ஸ் டைப்பிங் போனால் இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா என்று நான்கு தமிழ் இருக்கும். ஒரே பத்தியை இரண்டு மூன்றில் பேசிப் பாருங்கள். உங்கள் வீட்டுப் பேச்சுக்கு எது ஒத்துவருகிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

5. சுற்றுச் சத்தம். மின்விசிறியை மைக்குக்கு நேராக வைக்காதீர்கள். ஐயாவுக்கு இன்னொரு சிக்கலும் இருந்தது. அவர் திரையைப் படித்துச் சொல்ல என்விடிஏ என்ற இலவச மென்பொருளைப் பயன்படுத்துகிறார். 2006ல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற இளைஞர் தொடங்கியது அது. அதன் குரல் ஒலிபெருக்கியில் வந்தால் மைக் அதையும் கேட்டு எழுதிவிடும். காதில் ஹெட்போன் மாட்டியதும் சிக்கல் தீர்ந்தது.

இத்தனையும் சரியாக இருந்தும் சில பிழைகள் வரும். ஐயா 'தேவாரப் பண்' என்று சொல்ல, 'தேவார பன்' என்று வந்தது. "என்னப்பா, ரொட்டிக் கடையா?" என்று சிரித்தார். கணினி ஒலியை மட்டும் வைத்து எழுதுவதில்லை. எந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் எந்தச் சொல் அதிகம் வரும் என்று பழகிய கணக்கையும் சேர்த்துத்தான் ஊகிக்கிறது. பதிகம், பண், ஓதுவார் போன்ற சொற்கள் அந்தப் பழக்கத்தில் குறைவு. நாம் தமிழோடு மலாய்ச் சொல்லைக் கலந்து பேசினாலும் தடுமாறும். அதனால் ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில், ஒரே மொழியில் சொல்லுங்கள். ஒவ்வொரு சொல்லாக நிறுத்தினால் பக்கத்துச் சொல்லின் உதவி கிடைக்காது. முற்றுப்புள்ளியை விசைப்பலகையில் போடுவது நல்லது.

ஒரு எச்சரிக்கை. இந்த வசதியில் நம் குரல் இணையம் வழியாக நிறுவனத்தின் கணினிக்குப் போய்த்தான் எழுத்தாகிறது. வங்கி எண், கடவுச்சொல் எதையும் குரலில் சொல்லாதீர்கள். முடித்ததும் மைக்கை அணையுங்கள். பெரியவர்களுக்கு அமைத்துக் கொடுக்கும்போது இதையும் விளக்கி, அவர்கள் சம்மதம் கேட்டுச் செய்யுங்கள்.

அடுத்த ஞாயிறு கிள்ளானிலிருந்து கொமுட்டர் ஏறி கேஎல் சென்ட்ரலில் இறங்கி மறுபடி போனேன். இந்த முறை ஐயாவின் சொந்தக் கணினியிலேயே எல்லாவற்றையும் அமைத்தேன். விண்டோஸ் விசை எங்கே, எச் எங்கே என்று விரலால் தடவிப் பழகிக்கொண்டார். முதல் வாக்கியம் வந்ததும் என்விடிஏ அதை வாசித்தது. இயந்திரக் குரல்தான், ஆனால் அவர் சொன்ன சொற்கள். "இன்னொரு தரம் படிக்கச் சொல்லு" என்றார். பிறகு, "நீ கிளம்பு தம்பி, எனக்கு வேலை இருக்கு" என்றார்.

இப்போது தினமும் அரைப் பக்கம் எழுதுகிறார். 'பன்' மட்டும் நான் போகும்போது திருத்துகிறேன்.

இந்த வாரப் பயிற்சி: உங்கள் வீட்டிலோ கோவிலிலோ, கண்ணோ கையோ ஒத்துழைக்காத ஒரு பெரியவரிடம் உட்காருங்கள். ஐந்து அமைப்புகளையும் அவர் கணினியில் சரிபாருங்கள். அவர் ஒரு பத்தி பேசி முடிக்கும்வரை விசைப்பலகையைத் தொடாதீர்கள். அது நமக்குக் கொஞ்சம் கஷ்டம்தான். அந்தப் பொறுமையும் தொண்டுதான்.