பிரசவப் பணம்: மூன்றாம் மாதமே பார்க்க வேண்டிய வேலைகள்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஐந்து மாதக் கைக்குழந்தையோடு ஒரு பெண் என்னைப் பார்க்க வந்தார். திருப்பூரில், பத்துப் பேர்கூட இல்லாத ஒரு செக்கிங் யூனிட்டில் பீஸ் ரேட்டுக்கு வேலை பார்த்தவர். "அக்கா, கூட இருந்த புள்ளைங்களுக்கெல்லாம் பிரசவக் காசு ஏறிருச்சுங்க. எனக்கு மட்டும் ஒண்ணுமே வரலைங்க" என்றார். கர்ப்பத்தைப் பதிந்ததும் தரும் பிக்மி நம்பர் இருந்தது. பரிசோதனை, தடுப்பூசி எல்லாம் தேதி தவறாமல் அட்டையில் பதிந்திருந்தது. பாஸ்புக்கில் மட்டும் வரவு இல்லை.

அவருடைய ஆதார் எந்த வங்கிக் கணக்கோடு இணைந்திருக்கிறது என்று அவர் போனிலேயே பார்த்தோம். அவர் காட்டிய கணக்கு அது இல்லை. ஒன்பதாம் வகுப்புப் படிக்கும்போது உதவித்தொகைக்காகப் பள்ளியில் தொடங்கிக் கொடுத்த கணக்கு. பாஸ்புக் ஊரில் அம்மா வீட்டு பீரோவில் கிடக்கிறது. கர்ப்பத்தின் நான்காம் மாதம் வர வேண்டிய 6,000 ரூபாய் அந்த மாதமே அங்கே வந்துவிட்டது. அது தெரியாமல் ஆறாம் மாதம் கம்மலை அடகு வைத்திருக்கிறார்.

இந்த மாதிரி பத்துப் பேரையாவது பார்த்துவிட்டேன். அதனால்தான் விடுப்பில் போகும் பெண்களிடம் நான் முதலில் சொல்வது இது: பிரசவம் முடிந்த பிறகு அலைந்து வாங்கும் பணம் என்று இதை நினைக்காதீர்கள். வருமா, எப்போது வரும், எங்கே வரும் என்பதெல்லாம் மூன்றாம் மாதத்திலேயே ஏறக்குறைய முடிவாகிவிடுகிறது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். விடுப்புக் காலத்தில் வரும் பணம் இரண்டு வகை. ஒன்று, வேலைக்குப் போகாத நாட்களுக்கான சம்பள ஈடு. இதை இ.எஸ்.ஐ. தரும், இ.எஸ்.ஐ. இல்லையென்றால் முதலாளி தர வேண்டும். இன்னொன்று அரசின் மகப்பேறு உதவி. இரண்டுக்கும் அலுவலகம் வேறு, விதி வேறு.

மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்கும் பெரும்பாலானவர்களுக்கு இ.எஸ்.ஐ.தான் பெரிய தொகை. முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம், சராசரி நாள் கூலி முழுசாகக் கிடைக்கும். உடம்பு சரியில்லாத நாளுக்கு இ.எஸ்.ஐ. முழுக்கூலி தருவதில்லை, பிரசவத்துக்குத் தருகிறது. நாள் கூலி 480 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமையும் கணக்கில் சேரும். 182 நாளுக்கு 87,360 ரூபாய். ஒரு டெய்லர் பெண்ணின் குடும்பத்துக்கு இது சின்னப் பணமா? இதைக் கேட்கவே தெரியாமல் எத்தனையோ பேர் வேலையை விட்டு நின்றுவிடுகிறார்கள். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

நிபந்தனை ஒன்றுதான் முக்கியம். இ.எஸ்.ஐ.க்கு வருடத்தில் இரண்டு பங்களிப்புக் காலங்கள் உண்டு: ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒன்று, அக்டோபர் முதல் மார்ச் வரை இன்னொன்று. பிரசவத்துக்கு முந்தைய இரண்டு தொடர் பங்களிப்புக் காலங்களையும் சேர்த்து 70 நாளுக்காவது உங்கள் பெயரில் பங்களிப்பு இருக்க வேண்டும். உங்கள் சம்பளத்தில் 0.75 சதவீதம் பிடிப்பார்கள், கம்பெனி 3.25 சதவீதம் போட வேண்டும். பிடித்ததைக் கட்டினார்களா என்று இன்றைக்கே பாருங்கள். இ.எஸ்.ஐ. இணையதளத்தில் உங்கள் இன்ஷூரன்ஸ் எண்ணைப் போட்டால் மாதவாரியாகத் தெரியும். சம்பளத்தில் பிடித்துவிட்டுக் கட்டாமல் விட்டிருந்தாலும் உங்கள் உரிமை போகாது. சட்டம் கேட்பது கட்டிய பங்களிப்பை இல்லை, கட்ட வேண்டியிருந்த பங்களிப்பை. ஆனால் நீங்கள் அந்த நாட்களில் வேலை பார்த்தீர்கள் என்பதற்குச் சான்று வேண்டும். அதனால் சம்பளச் சீட்டைக் கசக்கி எறியாதீர்கள். சீட்டுத் தராத இடமென்றால், கூலி கணக்கில் ஏறிய குறுஞ்செய்தியை அழிக்காமல் வையுங்கள்.

பிரசவத் தேதிக்கு முன்னால் அதிகபட்சம் 8 வாரம் எடுக்கலாம்; மிச்சம் பின்னால். உடம்பு ஒத்துழைத்தால் முன்னால் குறைவாக எடுத்து, குழந்தையோடு இருக்கும் நாளைக் கூட்டிக்கொள்ளுங்கள் என்பது என் யோசனை. மருத்துவர் ஓய்வெடுக்கச் சொல்லியிருந்தால் அவர் சொல்வதுதான் சரி. கருச்சிதைவு ஆனால் 6 வாரம் உண்டு. துக்கத்தில் யாரும் இதைக் கேட்டு வருவதில்லை. வீட்டிலிருப்பவர்கள் யாராவது நினைவு வைத்துக் கேட்டு வாங்கிக் கொடுக்க வேண்டும்.

இ.எஸ்.ஐ. வரம்புக்கு மேல் சம்பளம் வாங்குபவர்களுக்கு முதலாளிதான் பொறுப்பு. 1961-ஆம் ஆண்டு மகப்பேறு பலன் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது. ஆனால் அந்த 26 வாரமும், கடந்த 12 மாதத்தில் 80 நாள் வேலை என்ற நிபந்தனையும் அப்படியே இருக்கின்றன. பிரசவத்துக்கு முந்தைய நாட்களுக்கான பணம் முன்கூட்டியே வர வேண்டும். மீதி, குழந்தை பிறந்த சான்றைக் கொடுத்த 48 மணி நேரத்துக்குள். எச்.ஆரிடம் வாய்வார்த்தையாகச் சொல்லி விடாதீர்கள். மின்னஞ்சலோ கடிதமோ எழுதுங்கள், ஒரு நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். ஒப்பந்தப் பணியாளர் என்றால் கிடையாது என்று சொல்வார்கள். ஒப்பந்தக் காலம் முடிந்தாலும் மகப்பேறு பலனைத் தர வேண்டும் என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நாள் கூலிப் பெண்களுக்கும் உண்டு என்று 2000-த்திலேயே சொல்லிவிட்டது.

இனி அரசு உதவிக்கு வருவோம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி மொத்தம் 18,000 ரூபாய். இதில் 14,000 ரொக்கம்: கர்ப்பத்தின் நான்காம் மாதம் 6,000, குழந்தைக்கு நான்காம் மாதம் 6,000, ஒன்பதாம் மாதம் 2,000. மிச்சம், நெய்யும் பேரீச்சம்பழமும் சத்துமாவும் இருக்கும் இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்களாக வரும். வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள குடும்பத்துப் பெண்களுக்கு, 19 வயது நிரம்பியிருந்தால், முதல் இரண்டு பிரசவங்களுக்கு. மத்திய அரசின் மாத்ரு வந்தனா பணமும் தமிழ்நாட்டில் இதோடு சேர்ந்தே வருகிறது. அந்த மத்தியத் திட்டத்தில், வேறொரு சட்டப்படி இதே மாதிரி பலன் வாங்குபவர்களுக்கு இடமில்லை. இ.எஸ்.ஐ. பிரசவப் பணம் வாங்கப் போகிறவர்கள் பதிவின்போதே நர்ஸம்மாவிடம் மறைக்காமல் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள். பின்னால் சிக்கல் வராது.

நாள் தள்ளிப்போய் உறுதியானதும், 12 வாரத்துக்குள் கிராம சுகாதாரச் செவிலியரிடமோ நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பதிந்து 12 இலக்க பிக்மி எண்ணை வாங்கிவிடுங்கள். குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கே அந்த எண்ணைக் கேட்பார்கள். வசதியானவர்களும் பதிய வேண்டியதுதான்.

நம் ஊரில் வளைகாப்பு முடிந்ததும் பெண்ணை அம்மா வீட்டுக்குக் கூட்டிப்போவது வழக்கம். இங்கேதான் பலருக்கும் நூல் அறுகிறது. புகுந்த வீட்டில் பதிந்த எண்ணோடு போய், பிறந்த வீட்டுச் செவிலியரிடம் அதையே கொடுங்கள். புதிதாக இன்னொரு பதிவு போடாதீர்கள். ஒரே பெண்ணுக்கு இரண்டு எண் விழுந்தால் தவணை நின்றுபோகும். கிளம்புவதற்கு முன் பழைய இடத்துச் செவிலியரின் போன் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு செவிலியர்களும் ஒருமுறை பேசிவிட்டால் பாதி அலைச்சல் மிச்சம். தனியார் மருத்துவமனையில் பிரசவம் பார்ப்பதாக இருந்தால், எந்தத் தவணை நிற்கும் என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

பெயர் விஷயத்திலும் கவனம் வேண்டும். ஆதாரில் அப்பா இனிஷியல், வங்கியில் கணவர் இனிஷியல் என்றிருந்தால் மூன்றாம் மாதமே திருத்தக் கொடுங்கள். கணவர் கணக்கு வேண்டாம். உங்கள் பெயரில் தனிக்கணக்கு வேண்டும். ஆதார் இணையதளத்தில் வங்கி இணைப்பு நிலையைப் பார்த்து, வேறு கணக்கு காட்டினால், நீங்கள் இப்போது புழங்கும் வங்கிக்குப் போய் ஆதாரை இந்தக் கணக்கோடு இணைக்க எழுதிக் கொடுங்கள். கடைசியாக எந்தக் கணக்கோடு இணைந்ததோ அங்கேதான் அரசுப் பணம் போகும்.

ஏழாம் மாத வாக்கில் சில இடங்களில் ஒரு தாளை நீட்டுவார்கள். "சொந்தக் காரணத்தால் வேலையிலிருந்து விலகுகிறேன்" என்று அடித்திருக்கும். "குழந்தை பொறந்ததும் வாம்மா, வேலை போட்டுத் தர்றோம்" என்பார்கள். கையெழுத்துப் போடாதீர்கள். விடுப்பில் இருக்கும் பெண்ணை வேலையை விட்டு நீக்குவது சட்டப்படி செல்லாது. அந்தக் கையெழுத்துதான் அவர்களுக்கு வழி திறந்து விடுகிறது. வற்புறுத்தினால் தொழிலாளர் துறை அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள்.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டில் இருப்பவர்கள் எல்லாம் போச்சு என்று உட்கார்ந்துவிட வேண்டாம். 70 நாள் கணக்கு சரியாக இருந்தால், வேலை விட்ட பிறகும் இ.எஸ்.ஐ. பணத்தைக் கேட்கலாம். இன்ஷூரன்ஸ் எண், சம்பளச் சீட்டுகள், ஸ்கேன் ரிப்போர்ட், பாஸ்புக் நகல் நான்கையும் ஒரு கவரில் போட்டுக்கொண்டு, நாளைக் காலை உங்கள் பகுதி இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்துக்குப் போங்கள்.