விடுபடாத பெயர்

நுழையும்முன்

பல்லாயிரம் பெயர்கள் கொண்ட பட்டியலை ஒரே பார்வையில் படித்தல் எவர்க்கும் அரிது. கணினி அதனைப் பக்கங்களாகப் பகுத்துத் தருகிறது. அவ்வாறு பகுக்கையில் ஒரு பெயரும் விடுபடாதிருக்கும் வழியை இப்பாடம் விளக்குகிறது.

அச்சிட்ட பட்டியல்

சேலத்திலிருந்து பிரிந்து, 1997 ஜனவரி 1 முதல் தனி மாவட்டமாக இயங்கிவரும் நாமக்கல்லில் இராசிபுரம், சேந்தமங்கலம், நாமக்கல், பரமத்திவேலூர், திருச்செங்கோடு, குமாரபாளையம் என ஆறு சட்டமன்றத் தொகுதிகள் உள்ளன. ஒவ்வொரு தொகுதியின் வாக்காளர் பட்டியலும் வாக்குச்சாவடி வாரியாகப் பாகங்களாகப் பிரிக்கப்படுகிறது. புகைப்படப் பட்டியலில் ஒரு முழுப் பக்கத்தில் 30 வாக்காளர்கள் இடம்பெறுவர். ஒவ்வொருவர்க்கும் ஒரு தொடர் எண் உண்டு.

கணினியின் கட்டளைகள்

தரவுத்தளத்தில் உள்ள பதிவுகளையும் இவ்வாறே பகுத்துக் காணலாம். எத்தனை பதிவுகள் வேண்டும் என்பதை ‘லிமிட்’ குறிக்கும். தொடக்கத்திலிருந்து எத்தனை பதிவுகளைக் கடக்கவேண்டும் என்பதை ‘ஆஃப்செட்’ குறிக்கும். பக்கத்திற்கு 30 எனில், மூன்றாம் பக்கத்தைப் பெற 60 பதிவுகளைக் கடந்து 30 பதிவுகளைக் கேட்கவேண்டும்.

வரிசையின் இன்றியமையாமை

‘ஆர்டர் பை’ என்னும் கட்டளையால் வரிசையை வரையறுக்காவிடில், பதிவுகள் ஒவ்வொரு முறையும் ஒரே ஒழுங்கில் வரும் என்பதற்கு உறுதியில்லை. அதனால் ஒரு பெயர் இரு பக்கங்களில் தோன்றலாம். மற்றொன்று எதிலும் தோன்றாமற் போகலாம். பெயரைக் கொண்டு மட்டும் வரிசைப்படுத்துதலும் போதாது. முருகேசன் என்னும் பெயருடையோர் பலர் இருக்கக்கூடும். ஆகவே, ஒருவர்க்கே உரிய எண்ணையும் சேர்த்து வரிசைப்படுத்துதல் வேண்டும்.

இடம்பெயரும் பதிவுகள்

ஒருவர் முதற்பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கும்போது 12ஆம் பதிவு நீக்கப்படுவதாகக் கொள்வோம். 31ஆம் இடத்தில் இருந்த பதிவு 30ஆம் இடத்திற்கு நகரும். அடுத்த பக்கமோ 30 பதிவுகளைக் கடந்த பின்னரே தொடங்கும். எனவே, நகர்ந்த அப்பதிவு அவர் கண்ணிற் படாது. கடக்கும் பதிவுகளை எண்ணாமல், ‘இறுதியாகக் கண்ட எண்ணுக்கு அடுத்த 30 பதிவுகள்’ எனக் கேட்டால் இக்குறை நேராது. அவ்வெண்ணுக்குச் சுட்டுவரிசை அமைந்திருப்பின், கணினி முந்தைய பதிவுகளைக் கடந்து செல்லும் உழைப்பும் மிச்சமாகும்.

அச்சிட்ட பட்டியலிலும் இந்நெறியைக் காணலாம். நீக்கப்பட்ட பெயரின் மீது நீக்கக் குறிப்பு இடம்பெறும். அதன் எண் பிறர்க்குச் செல்லாது. புதிய பெயர்கள் துணைப்பட்டியலில் சேரும்.

திரையில் தம் பெயரைக் காணாதவர், வாக்குரிமை இல்லையெனக் கருதி வாக்குச்சாவடிக்குச் செல்லாதிருக்கக்கூடும். ஆதலின், பக்கம் பிரிப்போர் முதலில் மாறாத வரிசையை வகுத்துக்கொள்ளுதல் வேண்டும்.