உருளைக்கிழங்கும் இரயில் வண்டியும்
அமெரிக்காவின் அரூஸ்டுக் ஜில்லாவைப் பற்றிய ஒரு பாடம்

விளைபொருளை ஸ்டேஷனில் ஒப்புவித்து, ரசீது கைக்கு வந்துவிட்டால் தம் பொறுப்புத் தீர்ந்ததென்று எண்ணும் குடியானவர்கள் எந்த நாட்டிலும் உண்டு. அந்த ரசீது எழுதப்பட்ட பின்பு சரக்கு எத்தனை கம்பெனிகளின் கைமாறுகிறது, வழியில் எங்கே தங்குகிறது, கெட்டுப்போனால் நஷ்டம் யார் தலையில் விழுகிறது என்பவற்றை ஆராய்வதற்கு, அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடகிழக்குக் கோடியில் ஓடிய ஒரு சிறு இரயில்வேயின் வரலாறு மிகவும் ஏற்றதாகும். அது பெரும்பாலும் கிழங்கையும் காகிதத்தையும் நம்பியே ஓடிய இரயில்வே.

மேயின் என்னும் இராஜ்யத்தின் வட பாகத்தில், கானடா தேசத்தின் எல்லையை ஒட்டி அரூஸ்டுக் ஜில்லா இருக்கிறது. பரப்பில் மிகப் பெரியது, ஜனங்கள் குறைவு, பெரும்பகுதி காடு. கிழக்கு ஓரத்தில் மட்டும் நல்ல வண்டல் கலந்த பொடி மண் அமைந்திருப்பதால் உருளைக்கிழங்கு செழித்து விளைகிறது. ஆனால் அக்காலத்தில் விளைந்த கிழங்கை விற்பதற்கு வழியில்லை. பாஸ்டன் நகரம் சுமார் 400 மைல் தூரத்தில் இருந்தது. ஆகவே கிழங்கின் பெரும்பகுதி உள்ளூர் ஸ்டார்ச்சு மாவு ஆலைகளுக்கே போயிற்று. தென்பகுதிப் பஞ்சாலைகளில் பாவுக்குக் கஞ்சியிட அம்மாவு வேண்டியிருந்தது. வாங்குபவன் ஆலைக்காரன் ஒருவனே ஆனபடியால் விலையும் அவன் வைத்ததே. பின்னர் ஒரு சில ஊர்களுக்கு இரயில் வந்தபோதிலும், அது கானடாவின் வழியாகச் சுற்றிக்கொண்டு வந்தது. தம் நாட்டுச் சந்தைக்குச் சரக்கனுப்ப அயல்நாட்டு எல்லையைக் கடக்க வேண்டிய விசித்திரமான நிலைமை அது.

1891-ஆம் வருஷத்தில் பாங்கோர் அண்டு அரூஸ்டுக் இரயில்வே என்னும் கம்பெனி ஏற்பட்டது. அடுத்த நான்கு வருஷங்களுக்குள் ஹோல்டன், காரிபூ முதலிய ஊர்களுக்கு நேர்ப்பாதை அமைந்துவிட்டது. அதனால் விளைந்த மாறுதல் பெரிது. காடு திருத்தப்பட்டுக் கிழங்குச் சாகுபடி பெருகியது. 1940-களில் அமெரிக்க இராஜ்யங்களுள் மேயினே உருளைக்கிழங்கு விளைச்சலில் முதன்மையாக இருந்தது. அறுவடைக் காலத்தில் பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை விட்டு, பிள்ளைகளும் வயலில் இறங்கிக் கிழங்கு பொறுக்கி மரப்பீப்பாய்களில் நிரப்பினார்கள்.

இவ்விடத்தில் கவனிக்கத்தக்க ஏற்பாடு ஒன்றுண்டு. ஸ்டேஷன்தோறும் தண்டவாளத்தின் ஓரமாகவே கிழங்குக் கிடங்குகள் வரிசையாகக் கட்டப்பட்டன. பாதி பூமிக்குள் அமைந்து, சுற்றிலும் மண் அணைக்கப்பட்ட கட்டடங்கள் அவை. வெளியே பனி பெய்தாலும் உள்ளே கிழங்கு உறையாது. கோடை வருமுன் முளைக்கவும் முளைக்காது. அறுவடை ஒரே மாதத்தில் முடிந்தாலும் விற்பனை குளிர்காலம் முழுவதும் நடக்கும். அறுத்தவுடன் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட வேண்டிய அவசியமில்லை. ஒரு வாகன் நிறையும் அளவுக்குச் சரக்குத் திரண்டதும், கிடங்கின் வாயிலிலேயே ஏற்றிவிடலாம். இரயில்வேக்கும் இது அனுகூலமே: ஒரு மாதத்தில் ஆயிரக்கணக்கான வாகன்களைத் தேடி அலையாமல், அதே வாகன்களைப் பல மாதங்களுக்குத் திருப்பித் திருப்பி உபயோகித்துக்கொண்டது.

ஆயினும் குளிர்காலத்தில் அனுப்புவதில் ஒரு பெரும் கஷ்டம் இருந்தது. உருளைக்கிழங்கு ஏறத்தாழ 30 டிகிரி பாரன்ஹீட்டிலேயே உறைந்துவிடும். உறைந்த கிழங்கு, மறுபடி வெப்பம் பட்டதும் கருத்து, நீர்விட்டு, அழுகிப் போகும். மாட்டுத் தீவனத்துக்கும் சரியாக ஆகாது. அரூஸ்டுக்கிலோ குளிர்கால இரவுகளில் பாரன்ஹீட் பூஜ்யத்துக்கும் கீழே இறங்குவது சாதாரணம். ஆகையால் ஆதியில் வாகன்களின் உட்புறத்தில் பலகையும் காகிதமும் அடித்து, நடுவில் கணப்பு அடுப்பு வைத்து அனுப்பினார்கள். பிற்காலத்தில் சுவர்களுக்கிடையே வெப்பம் புகாத பொருள் அடைத்து, கணப்புக் கருவியும் பொருத்திய தனி வாகன்கள் வந்தன. அவற்றில் ஏராளமானவற்றை இச்சிறு கம்பெனியே சொந்தமாக வாங்கி வைத்துக்கொண்டது. விலை அதிகமான அவ்வாகன்கள் கோடைகாலத்தில் சும்மா நிற்கலாமா? மேற்குக் கடற்கரையில் பழமும் காய்கறியும் ஏற்றும் பஸிபிக் புரூட் எக்ஸ்பிரஸ் என்னும் கம்பெனிக்குக் கோடையிலும் இலையுதிர் காலத்திலும் வாகன் தட்டுப்பாடு. அரூஸ்டுக்குக்குக் குளிர்காலத்தில் தட்டுப்பாடு. இருவரும் உடன்படிக்கை செய்துகொண்டு, ஒருவர் வாகனை மற்றவர் பருவத்துக்கேற்ப உபயோகித்தார்கள். ஏர்மாடு இல்லாதவனும் வண்டி இல்லாதவனும் மாற்றிக்கொண்டு உழவை முடிப்பது போன்றதே இதுவும். நடுவில் மூவாயிரம் மைல் தூரம் இருந்தது என்பதே வித்தியாசம்.

கிழங்கு ஒன்றினால் மட்டும் இரயில்வே பிழைத்திருக்க முடியாது. 1900-ஆம் வருஷத்தில் மில்லினாக்கெட் என்னுமிடத்தில், காட்டின் நடுவே, கிரேட் நார்தர்ன் காகிதக் கம்பெனியார் ஒரு பெரிய ஆலையைத் தொடங்கினார்கள். இரயில் இல்லாவிடில் அவ்விடத்தில் ஆலை எழும்பியிராது. ஆலை இல்லாவிடில் அவ்வூரே தோன்றியிராது. 1905-ல் இரயில்வேயின் பாதை ஸீயர்ஸ்போர்ட் என்னும் கடற்துறை வரை நீண்டது. கப்பலில் வந்த நிலக்கரியும் கந்தகமும் ஆலைக்கும், இரசாயன உரம் கிழங்கு வயல்களுக்கும் வடக்கே சென்றன. காகிதமும் கிழங்கும் மரமும் தெற்கே இறங்கின. நிறைந்து போன வண்டி வெறுமையாகத் திரும்பினால், பாதிச் செலவு வீண்தானே. வயலுக்கு உரமும் ஆலைக்கு எரிபொருளும் ஒரே இரயிலில் வந்ததனால்தான், ஜனத்தொகை குறைந்த அந்தப் பிரதேசத்திலும் இரயில்வே வெகுகாலம் நிலைத்து நின்றது. 1950-களில் சிவப்பு, வெள்ளை, நீலம் என மூன்று வர்ணப் பட்டைகள் தீட்டி, "மேயின் இராஜ்யத்துப் பொருள்கள்" என்று பெரிய எழுத்தில் எழுதிய வாகன்களை அனுப்பி, தேசமெங்கும் தம் சரக்குக்கு விளம்பரமும் தேடிக்கொண்டார்கள்.

இனி, முக்கியமான விஷயத்துக்கு வரலாம். பாங்கோர் அண்டு அரூஸ்டுக் இரயில்வேயின் தண்டவாளம் பாங்கோர் நகரத்தின் அருகிலுள்ள ஒரு ஜங்ஷனோடும், ஸீயர்ஸ்போர்ட் துறையோடும் முடிந்துவிடுகிறது. கிழங்கு வாங்கும் பெருநகரங்களோ அதற்கு அப்பால் இருக்கின்றன. ஜங்ஷனில் வாகன்கள் வேறொரு கம்பெனியிடம் ஒப்புவிக்கப்படும். அது மற்றொன்றிடம் ஒப்புவிக்கும். அனுப்பியவர் கையில் இருப்பது ஒரே ரசீதுதான். சரக்கோ இரண்டு மூன்று கைகளைக் கடந்தே செல்கிறது. குடியானவனுக்குத் தெரிந்ததெல்லாம் அவன் ஊர் ஸ்டேஷன் மாஸ்டர் ஒருவரே. அவர் எவ்வளவு அக்கறையுள்ளவராயினும், 600 மைலுக்கு அப்பாலுள்ள வேறு கம்பெனியின் யார்டில் என்ன நடக்கிறது என்பதில் அவருக்கு அதிகாரம் இல்லை.

அவ்வாறு தூரத்தில் இருந்த கைகளுள் ஒன்று பென் ஸென்ட்ரல் என்னும் பெரிய இரயில்வே. பழைய பெருங்கம்பெனிகள் இரண்டு இணைந்து 1968-ல் ஏற்பட்டது. இணைப்புச் சரியாக நடைபெறாமல் ஆரம்பம் முதலே குழப்பத்தில் ஆழ்ந்திருந்தது. 1969-70 குளிர்காலத்தில், நியூயார்க் இராஜ்யத்திலுள்ள ஸெல்கிர்க் என்னும் யார்டில் கிழங்கு வாகன்கள் தாமதப்பட்டு நின்றன. கிழங்கு குளிரில் உறைந்து பாழாயிற்று. அனுப்பியவர்கள் நஷ்டஈடு கோரினார்கள். 1970 ஜூன் 21-ஆம் தேதி பென் ஸென்ட்ரல் கம்பெனியே திவாலாயிற்று. கோரிக்கை மனுக்கள் நீதிமன்றத்துக் காகிதக் கட்டுகளோடு கட்டாகச் சேர்ந்தன. அடுத்த விதைப்புக்குக் கடன் வாங்க வேண்டிய குடியானவனுக்கு, என்றோ வரக்கூடிய தொகையினால் என்ன பயன்?

அதன் பின்பு அரூஸ்டுக் குடியானவர்கள் மோட்டார் லாரியை நாடினார்கள். அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. நல்ல ராஜபாட்டையும் அக்காலத்தில் அமைந்துவிட்டது. லாரியில் ஏற்றிய கிழங்கு, கிடங்கின் வாயிலிலிருந்து வியாபாரியின் வாயில் வரையில் ஒரே ஓட்டுநரின் பொறுப்பில் செல்கிறது. வழியில் நின்றால் யாரைக் கேட்பது என்று தெரியும். கூலி சற்று அதிகமானாலும் அந்த நிச்சயத்துக்கு மதிப்பு உண்டு. ஆனால் பிழை செய்த பெரிய கம்பெனிக்கு இதனால் ஒரு நஷ்டமும் உறைக்கவில்லை. பிழை செய்யாத உள்ளூர் இரயில்வேயே தன் பெரிய வருமானங்களுள் ஒன்றை இழந்தது.

சங்கத்தின் மூலமாகத் தூரதேசச் சந்தைக்குச் சரக்கனுப்பும் அங்கத்தினர்கள் தங்கள் கூட்டத்தில் எடுத்துப் பேசவேண்டிய கேள்விகள் இங்கே எழுகின்றன. சரக்கு எந்த இடத்தில் கைமாறுகிறது? தாமதம் நேர்ந்தால் தகவல் யாருக்கு வரும்? நஷ்டஈடு வரும்வரையில் அங்கத்தினருக்கு முன்பணம் கொடுக்கச் சங்கத்தினிடம் ஒதுக்கு நிதி இருக்கிறதா? தனிக் குடியானவன் எழுதும் மனுவுக்கும், நூறு பேர் சேர்ந்த சங்கம் ரசீதுகளை வரிசைப்படுத்தி எழுதும் மனுவுக்கும் உள்ள வித்தியாசத்தை விரித்துரைக்க வேண்டியதில்லை. ஆனால் திவாலான கம்பெனியினிடம் நூறு பேரின் மனுவும் உடனே பணமாகாது என்பதையும் மறைக்கக்கூடாது. இன்ஷ்யூரன்ஸும் ஒதுக்கு நிதியும் அதற்காகவே ஏற்பட்டவை.

கிழங்கு போன பிறகு இரயில்வே காகிதத்தையும் மரத்தையும் நம்பி ஓடிற்று. 1995-ல் கம்பெனி வேறு முதலாளிகளின் வசமாயிற்று. பின்னர் அதுவும் திவாலாகி, 2003-ல் மாண்ட்ரியல், மேயின் அண்டு அட்லாண்டிக் என்னும் கம்பெனிக்கு விற்கப்பட்டது. மில்லினாக்கெட் ஆலை 2008-ல் மூடப்பட்டது. பக்கத்து ஊர் ஆலையும் 2014-ல் நின்றது. 2010-ல் வடபகுதிப் பாதை 233 மைலையும் கைவிட்டுவிடப் புதிய கம்பெனி அநுமதி கேட்டது. தண்டவாளம் ஒருமுறை பெயர்க்கப்பட்டால் மீண்டும் போடப்படுவது அரிது. அங்கே மிஞ்சியிருந்த மர ஆலைகளின் நிலைமை என்னவாகும் என்ற கவலை எழுந்தது. மேயின் இராஜ்யத்து வாக்காளர்கள் அவ்வருஷம் ஜூன் மாதத்தில், பாதையைக் காப்பதற்காகக் கடன்பத்திரம் வெளியிடச் சம்மதித்து வாக்களித்தார்கள். அத்தொகையோடு மத்திய அரசாங்கத்தின் உதவியும் சேர, சுமார் 2 கோடி டாலருக்கு இராஜ்ய அரசாங்கமே பாதையை வாங்கிற்று. பாதை பொதுச் சொத்து. வண்டி ஓட்டுவது மட்டும் வேறொரு கம்பெனியின் வேலை. 2011 முதல் அவ்வாறே நடந்து வருகிறது.

விற்காமல் மிஞ்சிய தென்பகுதியை வைத்துக்கொண்ட மாண்ட்ரியல் கம்பெனியின் கதி துக்ககரமானது. 2013 ஜூலை 6-ஆம் தேதி, கானடாவில் லாக் மேகாண்டிக் என்னும் ஊரில் அதன் எண்ணெய் வண்டி தானாக உருண்டு சென்று கவிழ்ந்து தீப்பற்றியதில் 47 பேர் உயிரிழந்தனர். அடுத்த மாதமே கம்பெனி திவாலாயிற்று. அப்பாதைகள் கைமாறி, 2020-ல் கனேடியன் பஸிபிக் இரயில்வேயைச் சேர்ந்தன.

2021 கோடையில் அமெரிக்காவின் மேற்குப் பிரதேசங்களில் வறட்சியும் கடும் வெப்பமும் தாக்கி உருளைக்கிழங்கு விளைச்சல் குன்றியது. மேயினிலோ நல்ல மகசூல். வாஷிங்டன் இராஜ்யத்துக் கிழங்குத் தொழிற்சாலைகளுக்குச் சரக்கு வேண்டியிருந்தது. அவ்வளவு தூரத்துக்கு லாரிக் கூலி கட்டுப்படியாகாது. 2022-ன் தொடக்கத்தில் அரூஸ்டுக் கிழங்கு, பல பத்து வருஷங்களுக்குப் பின்னர், மறுபடியும் இரயில் வாகனில் ஏறி மேற்கே சென்றது.